சூடேறிக் கருகும் பிரேக் ரெசிஸ்டர்: மோட்டர் டிரைவ்களில் காரணம் கண்டு திருத்தும் முழுமையான வழிகாட்டி

காலபோக அறுவடை முடிந்து நெல் வந்து குவியும் நாட்களில் வன்னியின் அரிசி ஆலைகள் இரவுபகலாக ஓடுகின்றன. மரம் அரியும் ஆலைகள், கல் உடைக்கும் இடங்கள், கரையோர ஐஸ் ஆலைகள், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இயங்கும் ஆடைத் தொழிற்சாலைகள் என்று மோட்டரை வேண்டிய வேகத்தில் ஓட்டும் வி.எஃப்.டி. டிரைவ்கள் இன்று பல இடங்களில் வேலை செய்கின்றன. இவற்றில் பூட்டப்பட்ட பிரேக் ரெசிஸ்டர் கருகிவிட்டால், வேலை நிற்கக்கூடாது என்ற அவசரத்தில் கழற்றி எறிந்துவிட்டுக் கொழும்பிலிருந்து புதியதை வரவழைத்துப் பூட்டுவதே பெரும்பாலும் நடக்கிறது. சில நாட்களில் புதியதும் அதே நிலைக்கு வருகிறது. ரெசிஸ்டர் தானாகக் கெட்டுச் சூடாவது அரிது. அதற்குள் வேறெங்கோ இருந்து சக்தி அனுப்பப்படுகிறது. அது எங்கிருந்து, எப்போது வருகிறது என்று கண்டுபிடிக்காமல் பாகத்தை மாற்றுவதால் பணம்தான் கரையும். இந்த வழிகாட்டி பனலைத் திறந்து அளவெடுக்கத் தெரிந்த மின்னியலாளர்களுக்கும், அறிவியல்நகரிலும் பிற தொழிற்பயிற்சி நிலையங்களிலும் படித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு இறங்கும் இளையவர்களுக்கும் எழுதப்படுகிறது.

ரெசிஸ்டர் செய்யும் வேலை

மூன்று பேஸ் 400 வோல்ட் மின்சாரத்தை டிரைவ் முதலில் டீ.சீ. ஆக மாற்றிக் கப்பாசிட்டர்களில் நிரப்பி வைக்கிறது. 400 வோல்ட்டை 1.414 ஆல் பெருக்கினால் வரும் ஏறத்தாழ 565 வோல்ட்தான் இந்த டீ.சீ. பஸ்ஸின் வழக்கமான அளவு. மோட்டரை டிரைவ் வேகம் குறைக்கும்போதும், தொங்கும் பாரம் மோட்டரை இழுத்துச் சுழற்றும்போதும் மோட்டர் ஜெனரேட்டராக மாறி, சக்தியை டிரைவுக்குள் திருப்பி அனுப்புகிறது. சாதாரண டிரைவின் முன்பக்க டயோட்கள் அந்தச் சக்தியை மின்கம்பிக்குத் திருப்பிவிட மாட்டா. ஆகவே பஸ் வோல்ட்டேஜ் ஏறிக்கொண்டே போகும். 400 வோல்ட் வகை டிரைவ்களில் அது சுமார் 680 முதல் 780 வோல்ட்டுக்குள், தயாரிப்பாளர் குறித்த எல்லையைத் தொடும்போது, பிரேக் சொப்பர் எனப்படும் ஐ.ஜி.பி.டி. மின்னணுச் சுவிட்ச் விட்டுவிட்டு மின்னோட்டத்தைக் கடத்தி, மிகையான சக்தியை ரெசிஸ்டரில் வெப்பமாக எரிக்கிறது. சொப்பர் வேலை செய்யாவிட்டால் வோல்ட்டேஜ் 800 வோல்ட்டைத் தாண்டி, டிரைவ் ஓவர்வோல்ட்டேஜ் காட்டி நின்றுவிடும்.

சூடாவதே ரெசிஸ்டரின் தொழில் என்பதை இங்கே மறந்துவிடக்கூடாது. முழுப் பாரத்தில் வேலை செய்யும்போது கம்பி சுற்றிய ரெசிஸ்டரின் மேற்பரப்பு 200 பாகை செல்சியஸைத் தாண்டுவது பல வகைகளில் இயல்பானது. கை வைக்க முடியவில்லை என்பது பிழைக்கு அடையாளமாகாது. பெயின்ட் உரிந்து நிறம் மாறியிருத்தல், முனைக் கம்பியின் உறை உருகியிருத்தல், அருகில் இருக்கும் பனல் தகடு கறுத்திருத்தல், வெப்பச் சுவிட்ச் அடிக்கடி விழுதல், இயந்திரம் நின்று அரைமணி நேரம் கழிந்தும் சூடு தணியாதிருத்தல் ஆகியவையே அடையாளங்கள். இறுதியாகச் சொன்னது எல்லாவற்றிலும் அபாயமானது.

முதற் படி: பாதுகாப்பு

பிரதான பிரேக்கரை நிறுத்திப் பூட்டுப் போட்டு, வேறொருவர் தெரியாமல் போட்டுவிடாதபடி பலகை தொங்கவிட வேண்டும். ஜெனரேட்டர் உள்ள ஆலைகளில் மின்சாரம் நின்றதும் தானாக மாறும் சுவிட்ச் இருந்தால், ஜெனரேட்டர் பக்கத்தையும் சேர்த்துத் துண்டிக்க வேண்டும். இது வன்னியில் அடிக்கடி தவறவிடப்படும் ஒன்று. பின்னர் டிரைவின் மூடியில் குறித்திருக்கும் நேரம் வரை, பொதுவாக 5 முதல் 15 நிமிடம், காத்திருந்து, பஸ்ஸின் நேர் முனையான பி பிளஸ்ஸுக்கும் எதிர் முனையான என் மைனஸ்ஸுக்கும் இடையே டீ.சீ. வோல்ட்டேஜை அளந்து, அது 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதை உறுதிசெய்த பிறகே கை வைக்கலாம். சார்ஜ் காட்டும் சிறு விளக்கு அணைந்துவிட்டது என்பதை மட்டும் நம்பக்கூடாது. மல்டிமீற்றர் 1000 வோல்ட் டீ.சீ. தாங்கும் தரமானதாக இருக்க வேண்டும். வீட்டு வயரிங் வேலைக்கு வாங்கிய மலிவான மீற்றரை 700 வோல்ட் பஸ்ஸில் வைப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

ரெசிஸ்டர் ஆறுவதற்கும் நேரம் கொடுக்க வேண்டும். சூடான ரெசிஸ்டர் மேல் தண்ணீர் தெளிப்பதோ, ஈரச் சாக்கைப் போடுவதோ கூடாது. மின்முனைகள் திறந்திருக்கும் இடம் அது.

இரண்டாம் படி: எப்போது சூடாகிறது?

கருவியை எடுப்பதற்கு முன் இயந்திரத்தை ஓட்டுபவரிடம் விசாரிக்க வேண்டும். மோட்டர் நின்றிருக்கும்போதும் சூடாகிறதா, ஒரே வேகத்தில் ஓடும்போது சூடாகிறதா, நிறுத்தும்போதும் வேகம் குறைக்கும்போதும் மட்டும் சூடாகிறதா? இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவருக்கு உறுதியாகத் தெரியாவிட்டால் நாமே பார்க்க வேண்டும். டீ.சீ. அளக்கக்கூடிய கிளாம்ப் மீற்றரை ரெசிஸ்டருக்குப் போகும் ஒரு கம்பியில் மாட்டி, பனல் கதவை மூடி, மின்சாரம் கொடுத்து, மோட்டரை ஓட்டாமலே ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு நிறுத்திப் பார்க்க வேண்டும். சரியான நிலையில், மோட்டர் நின்றிருக்கும்போது மின்னோட்டம் சுத்தமாகப் பூச்சியமாகவும், நிறுத்தும் சில வினாடிகளில் மட்டும் விட்டுவிட்டு ஏறி இறங்குவதாகவும் இருக்கும். அதே நேரத்தில் டிரைவின் திரையில் டீ.சீ. பஸ் வோல்ட்டேஜையும் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பின்னால் வரும் பெரும்பாலான சந்தேகங்கள் தீரும்.

வெப்பத்தை அளக்க இன்ஃப்ராரெட் வெப்பமானி பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பளபளக்கும் அலுமினிய உறையில் அது உண்மை வெப்பத்தைவிட மிகவும் குறைவாகக் காட்டும். மோட்டர் சைக்கிள் சைலன்சருக்கு அடிக்கும் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட்டை, ரெசிஸ்டர் ஆறியிருக்கும்போது சிறு வட்டமாக அடித்து, எப்போதும் அந்த இடத்திலேயே அளந்தால் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம்.

மூன்றாம் படி: மோட்டர் நின்றிருக்கும்போதே சூடானால்

இது அவசர நிலை. உடனே பிரதான மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். டிரைவின் நிறுத்தும் பொத்தானை அழுத்துவதால் பயன் எதுவும் இல்லை. டிரைவ் பிழை காட்டி நின்றுவிட்டாலும் பஸ்ஸில் 565 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும்.

எடுத்துக்காட்டாக 60 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கொள்வோம். 565 வோல்ட் நேரடியாக அதன் குறுக்கே நின்றால் சுமார் 9.4 அம்பியர் ஓடும், வெப்பமோ 5.3 கிலோவாட். தொடர்ச்சியாக 1 கிலோவாட் மட்டுமே தாங்கும் ரெசிஸ்டரில் அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் வெப்பம் ஓயாமல் பிறந்தால், சில நிமிடங்களிலேயே அது சிவந்துவிடும். இந்த நிலைக்கு முக்கியமான காரணங்கள் இரண்டு.

ஒன்று, கம்பி மாறிப் பூட்டியிருத்தல். ரெசிஸ்டர் பி பிளஸ் முனைக்கும் பிரேக் முனைக்கும், அதாவது பெரும்பாலான டிரைவ்களில் பி.பி. அல்லது பி.ஆர். என்று குறித்திருக்கும் முனைக்கும் இடையே பூட்டப்பட வேண்டும். அதை பி பிளஸ்ஸுக்கும் என் மைனஸ்ஸுக்கும் இடையே பூட்டிவிட்டால், மின்சாரம் கொடுத்த கணத்திலிருந்து ரெசிஸ்டர் பஸ்ஸின் குறுக்கே நின்று எரியும். டிரைவ் கெட்டு வேறு கம்பனியின் டிரைவை அவசரமாகப் பூட்டும்போது இது நடக்கிறது. பழைய டிரைவில் இரண்டாவதும் மூன்றாவதுமாக இருந்த முனைகள் புதியதில் வேறு வரிசையில் இருக்கும். கம்பியை மட்டும் அதே வரிசையில் பூட்டிவிடுவார்கள். சில டிரைவ்களில் கப்பாசிட்டரை மெதுவாக நிரப்பும் உள் ரெசிஸ்டர் இந்தப் பாரத்தைத் தாங்காமல் முதலில் எரிந்துபோகும். அப்போது டிரைவ் அண்டர்வோல்ட்டேஜ் காட்டும். கம்பியைப் பூட்டும் முன் கையேட்டின் முனைப் படத்தைப் பார்த்து, இரு முனையின் பெயரையும் வாய்விட்டு வாசித்துச் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

மற்றது, சொப்பர் ஐ.ஜி.பி.டி. ஷோட் ஆகி, எப்போதும் மின்னோட்டத்தைக் கடத்தும் நிலையில் இருத்தல். ரெசிஸ்டரின் ஓம் அளவு குறைந்திருந்தாலோ, ரெசிஸ்டர் கம்பி பனல் தகட்டில் உரசி எர்த் ஆகியிருந்தாலோ, இடியுடன் வந்த மின்தாக்கத்தாலோ இது உடையும். சோதனை எளிது. மின்சாரத்தைத் துண்டித்து, பஸ் இறங்கியதை உறுதிசெய்து, ரெசிஸ்டரின் இரு கம்பிகளையும் டிரைவிலிருந்து கழற்றிவிட்டு, மீற்றரை டயோட் நிலையில் வைக்க வேண்டும். சிவப்பு முனையைப் பிரேக் முனையிலும் கறுப்பு முனையைப் பி பிளஸ்ஸிலும் வைத்தால் 0.3 முதல் 0.6 வோல்ட் வரை காட்ட வேண்டும். மாற்றி வைத்தால் எதுவும் காட்டக்கூடாது. அடுத்து பிரேக் முனைக்கும் என் மைனஸ்ஸுக்கும் இடையே அளக்க வேண்டும். சிவப்பைப் பிரேக் முனையிலும் கறுப்பை என் மைனஸ்ஸிலும் வைத்தால் எண் மெல்ல ஏறி முடிவிலிக்குப் போவது நல்ல அடையாளம். அது உள்ளே கப்பாசிட்டர் நிரம்புவதால் வருவது. மாற்றி வைத்தால் ஒரு டயோட் அளவு தெரியலாம். எப்படி வைத்தாலும் பூச்சியத்தை ஒட்டிய எண் வந்தால் ஐ.ஜி.பி.டி. போய்விட்டது. அத்தகைய டிரைவில் புதிய ரெசிஸ்டரைப் பூட்டுவது, நெருப்பு வைக்க இன்னொரு விறகு கொடுப்பதாகும். டிரைவைத் திருத்தும்வரை இயந்திரம் ஓடியே ஆக வேண்டுமானால், ஷோட் ஆன சொப்பரின் துண்டுகள் உள்ளே வேறு பாகங்களைத் தொட்டிருக்கவில்லை என்று திருத்துநர் பார்த்துச் சொன்ன பிறகே, ரெசிஸ்டரை முற்றாகக் கழற்றிவிட்டு, மோட்டரைத் தானாகச் சுழன்று நிற்கவிடும் முறையில் ஓட்டலாம்.

மூன்றாவதாக, அரிதாக, வோல்ட்டேஜ் பிரச்சினையும் இருக்கலாம். மின்கம்பியில் வோல்ட்டேஜ் கூடிவிட்டது என்று பலர் உடனே முடிவுகட்டுகிறார்கள். கணக்குப் பார்த்தால் 430 வோல்ட் வந்தாலும் பஸ் 608 வோல்ட்தான். 680 வோல்ட் எல்லையைத் தொட அது போதாது. ஜெனரேட்டரின் வோல்ட்டேஜ் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி 480 வோல்ட்டை எட்டினால் பஸ் 679 வோல்ட்டுக்கு வந்துவிடும். அப்போது சொப்பர் ஓயாமல் இயங்கலாம். ஆகவே ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் ரெசிஸ்டர் சூடானால் ஜெனரேட்டரைப் பார்க்க வேண்டும். வெளியே தனியாகப் பூட்டும் பிரேக் யூனிட்களில் 380, 400, 415, 440, 460 என்று மின் அளவைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பர் ஒன்று இருக்கும். டிரைவ்கள் சிலவற்றிலும் உள்வரும் வோல்ட்டேஜ் என்ற பராமீற்றர் சொப்பரின் எல்லையைத் தீர்மானிக்கிறது. இவை குறைந்த அளவில் விடப்பட்டிருந்தால், சாதாரண ஏற்ற இறக்கத்துக்கே சொப்பர் விழித்துக்கொள்ளும்.

நான்காம் படி: ஒரே வேகத்தில் ஓடும்போது சூடானால்

இங்கே மோட்டருக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து சக்தி வருகிறது என்று பொருள். கீழே இறங்கும் பாரம் இதற்கு வெளிப்படையான எடுத்துக்காட்டு. 1000 கிலோகிராம் பாரத்தை வினாடிக்கு 0.25 மீற்றர் வேகத்தில் வின்ச் இறக்கினால், புவியீர்ப்பு தரும் வலு ஏறத்தாழ 2.45 கிலோவாட். கியரிலும் மோட்டரிலும் ஒரு பகுதி போக, சுமார் 2 கிலோவாட் இறக்கும் நேரம் முழுவதும் ரெசிஸ்டருக்குப் போகும். அதற்கேற்ற ரெசிஸ்டர் இருந்தால் அது பிழையல்ல, இயல்பு. நிறுத்துவதற்கு மட்டும் கணக்கிட்ட சிறிய ரெசிஸ்டரை இறக்கும் வேலையில் பூட்டியிருப்பதே பிழை.

பாரம் எதையும் இறக்காத இயந்திரத்தில் இப்படி நடந்தால் வேகம் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். வேகம் கொடுக்கும் பொட்டென்சியோமீற்றரின் உள்தடம் தேய்ந்தோ, அதன் சிக்னல் கம்பி மோட்டர் கம்பியோடு ஒரே குழாயில் ஓடி இரைச்சலை வாங்கியோ இருந்தால், திரையில் ஹேர்ட்ஸ் எண் ஓயாமல் மேலும் கீழும் நடுங்கும். ஒவ்வொரு தடவை குறையும்போதும் சிறிது சக்தி திரும்பி வரும். மோட்டரின் சத்தத்தில் இது காதுக்குத் தெரியாவிட்டாலும் கிளாம்ப் மீற்றரில் தெரியும். அழுத்தத்தைப் பார்த்து வேகத்தை மாற்றும் பீ.ஐ.டி. அமைப்பு மிகக் கூர்மையாக இருந்தாலும் விளைவு இதுதான். வேகம் குறைக்கும் நேரத்தைக் கூட்டுவதும் சிக்னல் கம்பியை உறையிட்ட கம்பியாக மாற்றித் தனியே ஓட்டுவதும் இதைத் தீர்க்கும்.

ஊதுவிசிறிகள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே குழாயில் இரண்டு விசிறிகள் இருக்கும் ஆலையில், ஒன்று ஓடும்போது நின்றிருக்கும் மற்றது பின்னோக்கிச் சுழலும். அதைத் தொடக்கும்போது டிரைவ் முதலில் பின்சுழற்சியை நிறுத்த வேண்டியிருப்பதால் அந்தச் சக்தி ரெசிஸ்டருக்குப் போகிறது. காற்றடைப்புத் தட்டைப் பூட்டுவதோ, சுழலும் மோட்டரைப் பிடித்துத் தொடங்கும் வசதியை டிரைவில் இயக்குவதோ தகும். உண்மையில் தவிடு உறிஞ்சும் விசிறிக்குப் பிரேக் எதற்கு என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். அது தானாகச் சுழன்று நின்றால் யாருக்கும் நட்டமில்லை. நிறுத்தும் முறையைத் தானாக நிற்பதற்கு மாற்றினாலே அந்த ரெசிஸ்டரின் வேலை முடிந்துவிடும்.

ஐந்தாம் படி: நிறுத்தும்போது மட்டும் சூடானால்

பெரும்பாலான முறைப்பாடுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. பெரும்பாலும் ஊகத்தில் திருத்தப்படுவதும் இந்த வகைதான். ஒருவர் ஓம் அளவைக் குறைக்கிறார், இன்னொருவர் வேகம் குறைக்கும் நேரத்தைக் கூட்டுகிறார். கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் எது உதவும், எது உதவாது என்று தெளிவாகும்.

மரம் அரியும் பட்டை வாள் இயந்திரம் ஒன்றை எடுப்போம். அதன் பெரிய இரும்புச் சக்கரங்களையும் சேர்த்து மோட்டர் அச்சில் பார்க்கும் சடத்துவத் திருப்பம் 5 கிலோகிராம் சதுர மீற்றர், மோட்டரின் வேகம் நிமிடத்துக்கு 1470 சுற்று என்று கொள்வோம். அது வினாடிக்கு 154 ரேடியன். சடத்துவத் திருப்பத்தின் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 59 கிலோயூல் வருகிறது. ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் இந்தச் சக்தி எங்காவது போய்த் தீர வேண்டும். 10 வினாடியில் நிறுத்தினால் சராசரி வலு 5.9 கிலோவாட், நிறுத்தத் தொடங்கும் கணத்தில் அதன் இருமடங்கு, அதாவது 11.8 கிலோவாட். உராய்விலும் மோட்டரின் உள்ளிழப்பிலும் ஒரு பகுதி போகும். 60 ஓம் ரெசிஸ்டர் 760 வோல்ட்டில் எரிக்கக்கூடிய உச்ச வலு 9.6 கிலோவாட். ஆகவே உச்சத்தை அது ஒருவாறு சமாளித்துவிடும்.

ஆனால் ரெசிஸ்டரைக் கருக்குவது உச்சத்தைவிடச் சராசரிதான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தினால் 59 கிலோயூலை 120 வினாடியால் பிரிக்க வேண்டும். சுமார் அரைக் கிலோவாட். 1 கிலோவாட் ரெசிஸ்டருக்கு அது கவலையில்லை. பெரிய மரங்கள் குறைந்து, சிறு கட்டைகளைத் திருப்பித் திருப்பி வைத்து அரியத் தொடங்கி, ஒவ்வொரு நிமிடமும் வாளை நிறுத்துகிறார்கள் என்றால் சராசரி ஒரு கிலோவாட்டை எட்டிவிடும். தகரக் கூரையின் கீழ் வெயில் காலத்தில் பனலுக்கு அருகே 45 பாகை இருந்தால், பெரும்பாலும் 40 பாகைக்குக் குறித்த ரெசிஸ்டரின் தாங்குதிறனும் குறைந்திருக்கும். டிரைவில் பழுதே இல்லை. வேலை செய்யும் முறைதான் மாறியிருக்கிறது. ஓட்டுபவரிடம் முன்பு எப்படி ஓட்டினீர்கள், இப்போது எப்படி என்று கேட்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்தக் கணக்கிலிருந்து ஒன்று புரியும். வேகம் குறைக்கும் நேரத்தை 10 வினாடியிலிருந்து 20 வினாடிக்குக் கூட்டினால் உச்ச வலு பாதியாகும். ஆனால் ஒரு தடவைக்கான 59 கிலோயூல் அப்படியேதான் இருக்கும். உராய்வுக்குக் கூடுதல் நேரம் கிடைப்பதால் அதில் ஒரு பகுதி குறையும் என்பதே ஆதாயம். உராய்வு அதிகமுள்ள இயந்திரத்தில் இது நன்றாகவே உதவும். வழுவழுப்பாகச் சுழலும் பெரிய சக்கரத்தில் அவ்வளவாக உதவாது. அங்கே நிறுத்தும் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், அல்லது கூடுதல் கிலோவாட் தாங்கும் ரெசிஸ்டர் பூட்ட வேண்டும். வாள் போன்ற ஆபத்தான இயந்திரத்தில், ஓட்டுபவரின் பாதுகாப்புக்காகக் குறித்த நிறுத்தும் நேரத்தை ரெசிஸ்டரைக் காப்பாற்றுவதற்காகக் கூட்டவே கூடாது.

கூடுதல் வாட் என்பது வேறு, குறைந்த ஓம் என்பது வேறு. சூடாகிறது என்பதற்காக இன்னொரு ரெசிஸ்டரை அருகே சமாந்தரமாகப் பூட்டினால் ஓம் பாதியாகும், சொப்பரின் மின்னோட்டம் இருமடங்காகும். ஒவ்வொரு டிரைவுக்கும் இவ்வளவு ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்ற எல்லை கையேட்டில் இருக்கும். அதற்குக் கீழே போனால் மூன்றாம் படியில் சொன்ன ஐ.ஜி.பி.டி. பழுது வந்து சேரும். அதே ஓம் அளவில் வாட் கூட வேண்டுமானால், 60 ஓம் ரெசிஸ்டர் நான்கை இரண்டிரண்டாகத் தொடராக இணைத்து, அந்த இரு தொடர்களையும் சமாந்தரமாகப் பூட்டினால் 60 ஓமே கிடைக்கும். தாங்குதிறன் நான்கு மடங்காகும்.

பராமீற்றர்களில் மூன்றைப் பார்த்தால் போதும். பஸ் வோல்ட்டேஜ் ஏறும்போது நிறுத்தும் நேரத்தைத் தானாக நீட்டும் ஓவர்வோல்ட்டேஜ் தடுப்பு வசதி, ரெசிஸ்டர் பூட்டிய டிரைவில் கையேடு சொல்வதற்கேற்ப, பெரும்பாலும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்தும் நேரம் நம் கட்டுப்பாட்டில் இராது. ரெசிஸ்டரின் ஓம், கிலோவாட், வேலை வீதம் (மொத்த நேரத்தில் அது எரியும் நேரத்தின் பங்கு) ஆகியவற்றைக் கேட்கும் டிரைவில், பூட்டியிருக்கும் ரெசிஸ்டரின் தகட்டில் உள்ள எண்களையே கொடுக்க வேண்டும். காந்தப்புலத்தைக் கூட்டி மோட்டருக்குள்ளேயே சக்தியை எரிக்கும் பிரேக் முறை இருந்தால், எப்போதாவது நிறுத்தும் இயந்திரத்தில் அதை இயக்கலாம். அடிக்கடி நிறுத்தும் இயந்திரத்தில் ரெசிஸ்டருக்குப் பதிலாக மோட்டர் சூடாகிவிடும்.

ஆறாம் படி: ரெசிஸ்டரும் அது இருக்கும் இடமும்

ரெசிஸ்டரை டிரைவிலிருந்து கழற்றி, ஆறிய நிலையில் ஓம் அளக்க வேண்டும். தகட்டில் குறித்ததற்கு 5 முதல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. அதைவிடக் குறைந்திருந்தால் உள்சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. பின்னர் முனைக்கும் உறைக்கும் இடையே காப்புத் தடையை 500 வோல்ட் மெகரில் பார்க்க வேண்டும்; டிரைவ் பூட்டியிருக்கும்போது மெகர் போட்டால் டிரைவ் கெடும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக்காற்றில் நிற்கும் ரெசிஸ்டர்களின் முனைகளில் பச்சை படிந்து, இணைப்பு மட்டும் சூடாகி உருகுவதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ரெசிஸ்டர் நடுவில் குளிர்ந்தும் முனையில் கருகியும் இருந்தால் பிழை இறுக்கத்தில்தான்.

அரிசி ஆலைகளில் தூசிதான் எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் உமித்தூளும் தவிடும் வாசலால் புகுந்து, ரெசிஸ்டரின் கம்பிவலை மூடியில் மெல்லிய போர்வையாகப் படிகின்றன. முதலில் அது மண்நிறமாகவும், சில நாட்களில் ஓரங்கள் கபிலமாகவும், பிறகு நடுப்பகுதி கறுப்பாகவும் மாறும். அரிசி வறுக்கும்போது அடிப்பிடித்தாற்போன்ற வாசனை பனல் அறையில் வரத் தொடங்கினால், வெப்பம் வெளியேற வழியில்லை என்பதோடு தீப்பிடிக்கவும் தூரமில்லை என்று கொள்ள வேண்டும். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. ரெசிஸ்டரைப் பனலுக்கு வெளியே, தூசி வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கச் சுவரில், எரியாத தகட்டின் மேல், மேலே குறைந்தது 30 சென்ரிமீற்றரும் பக்கங்களில் 10 சென்ரிமீற்றரும் இடம் விட்டு, செட்டைகள் வழியே காற்று கீழிருந்து மேலே எழும்படி பூட்ட வேண்டும். பலகைச் சுவரில் பூட்டவே கூடாது. அறுவடைக் காலத்தில் கிழமைக்கு ஒரு தடவையாவது, மின்சாரத்தை நிறுத்தி, உலர்ந்த தூரிகையாலும் உறிஞ்சும் இயந்திரத்தாலும் சுத்தம் செய்ய வேண்டும். கம்பிரஷர் காற்றை அடித்தால் தூள் டிரைவுக்குள் போய்ச் சேரும்.

ரெசிஸ்டருக்குப் போகும் கம்பியின் கடைசிப் பகுதி சிலிக்கோன் அல்லது கண்ணாடி நார் உறையுள்ளதாக இருக்க வேண்டும். சாதாரண பீ.வீ.சீ. கம்பி 70 பாகைக்கு மேல் இளகிவிடும். இரு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி, கையேடு சொல்லும் நீளத்துக்குள், பொதுவாக 10 மீற்றருக்குள், கொண்டுபோக வேண்டும்.

ஏழாம் படி: வெப்பச் சுவிட்சை எங்கே இணைப்பது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்யலாம் என்றால் இதைச் செய்ய வேண்டும். நல்ல ரெசிஸ்டர்களில் சூடு மிஞ்சும்போது திறந்துகொள்ளும் வெப்பச் சுவிட்ச் ஒன்று இருக்கும். அதன் இரு சிறு கம்பிகளும் பல பனல்களில் எதிலும் இணைக்கப்படாமல் சுருட்டி நாடா ஒட்டி விடப்பட்டிருப்பதைக் காணலாம். இணைக்கப்பட்ட இடங்களிலும், டிரைவின் வெளிப்பிழை உள்ளீட்டில் மட்டுமே இணைத்திருப்பார்கள். நிறுத்தும்போது சூடாகும் வகைக்கு அது உதவும். ஐ.ஜி.பி.டி. ஷோட் ஆன நிலையில் அது எந்தப் பயனும் தராது. டிரைவ் நின்றுவிடும், ரெசிஸ்டர் எரிந்துகொண்டே இருக்கும்.

ஆகவே வெப்பச் சுவிட்ச், டிரைவுக்கு முன்னால் இருக்கும் பிரதான கொன்டாக்டரின் கொயில் சுற்றில் தொடராக இணைக்கப்பட வேண்டும். சுவிட்ச் திறந்தால் கொன்டாக்டர் விழ வேண்டும். டிரைவுக்கு மின்சாரமே போகக்கூடாது. அந்தச் சுற்றில் தொடக்கும் பொத்தானும், அதை விட்ட பின்னும் கொன்டாக்டரைப் பிடித்து வைக்கும் பிடிப்புத் தொடுகையும் இருக்க வேண்டும். அப்போதுதான் ரெசிஸ்டர் ஆறிச் சுவிட்ச் மீண்டும் மூடும்போது கொன்டாக்டர் தானாக ஏறி, மறுபடி சூடாக்கும் சுழற்சி தொடங்காது. கொன்டாக்டர் இல்லாத பனலில், ஷன்ட் ட்ரிப் கொயிலுள்ள, அதாவது மின்சாரம் கொடுத்து விழச் செய்யக்கூடிய, பிரேக்கரை ஒரு சிறு ரிலே மூலம் இயக்கலாம். வெப்பச் சுவிட்சே இல்லாத மலிவான ரெசிஸ்டர் பூட்டியிருந்தால், தகுந்த வெப்பநிலைக்கு உரிய சுவிட்ச் ஒன்றை அதன் உறையில் இறுக்கிப் பூட்டலாம். செலவு புதிய ரெசிஸ்டரின் விலையோடு ஒப்பிடக்கூடியதே அல்ல.

எட்டாம் படி: திருத்திய பின்

மின்சாரம் கொடுத்து, மோட்டரை ஓட்டாமல் பத்து நிமிடம் பார்த்து, ரெசிஸ்டர் மின்னோட்டம் பூச்சியம் என்று உறுதிசெய்ய வேண்டும். பிறகு இயந்திரத்தை அன்றாடம் ஓட்டும் அதே வேகத்திலும் அதே எண்ணிக்கையிலும் ஒரு மணி நேரம் ஓட்டி, கறுப்பு வட்டத்தில் வெப்பத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதி வர வேண்டும். எண் ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் ரெசிஸ்டர் தன் வேலையைத் தாங்குகிறது. ஒரு மணி நேரத்திலும் ஏறிக்கொண்டே இருந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்ப வேண்டும். அந்த எண்களைத் திகதியோடு பனல் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்தால், அடுத்து வருபவருக்கு ஒப்பிட ஓர் ஆதாரம் இருக்கும். பரிசோதனையின் முடிவில், இயந்திரம் நின்றிருக்கும்போது பிரதான மின்சாரத்தைத் துண்டித்து, வெப்பச் சுவிட்சின் ஒரு கம்பியைக் கழற்றித் தனியாகக் காப்பிட்டு, மீண்டும் மின்சாரம் கொடுத்துத் தொடக்கும் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். கொன்டாக்டர் ஏறக்கூடாது. ஏறினால் கம்பி வேறெங்கோ பாலம் போடப்பட்டிருக்கிறது. அதைத் தேடிக் கழற்றும்வரை அந்தப் பனலை ஓட்டத்துக்கு விடக்கூடாது.